13 நிமிஷக் கச்சேரி

என் அத்தைக்கு எழுபது வயது ஆகிறது. எங்கள் பேட்டைக் கோயில் உற்சவக் கமிட்டியில் இருபது வருஷம் இருந்தவள். பெயருக்கு உட்கார்ந்து காப்பி சாப்பிட்டுவிட்டு எழுந்து வருகிற அங்கத்தினர் அல்ல. யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு முன்பணம் கொடுப்பது, வந்தவர்களுக்கு யார் வீட்டில் சாப்பாடு என்பது வரையில் அத்தை தலையை ஆட்டினால்தான் காரியம் நடக்கும். ஆகையால், கச்சேரிக்கு ஆள் பிடிக்கிற பேச்சு எங்கே எழுந்தாலும் அவள் காது தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும்.

சென்ற வாரம் என் பெண் செல்போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். பிரம்மாண்டமான மைதானம். நடுவில் மேடை. மேடையைச் சுற்றி நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள். அத்தை கண்ணாடியைச் சரி செய்துகொண்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏண்டா, பந்தாட்டம் என்று சொன்னாள். இங்கே பாட்டுக் கச்சேரி அல்லவா நடக்கிறது?" என்று என்னைக் கேட்டாள்.

"இரண்டும்தான், அத்தை. இது அமெரிக்காவில் நடக்கிற சூப்பர் பௌல். பந்தாட்ட இடைவேளையில் கச்சேரி" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னை விடவில்லை. அத்தைக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், அவள் கேட்ட கேள்விகள் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.

அமெரிக்கர்கள் அதற்குக் கால்பந்து என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் ஆட்டத்தில் முக்கால் பங்கு. பந்தும் உருண்டையாக இராது. இரண்டு முனையும் கூராக, மட்டை உரிக்காத தேங்காய் போல் இருக்கும். தேசியக் கால்பந்து லீக் என்ற அமைப்பில் 32 குழுக்கள் இருக்கின்றன. வருஷ முடிவில் மிஞ்சுகிற இரண்டு குழுக்கள் மோதுகிற ஆட்டம்தான் சூப்பர் பௌல். இப்போதெல்லாம் பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடக்கிறது. அன்றைக்கு அங்கே வீட்டுக்கு வீடு விருந்து. பந்தாட்டம் இன்னதென்று தெரியாதவர்கள்கூட டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். 2025-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கென்ட்ரிக் லமார் என்பவர் இடைவேளையில் பாடினார். பார்த்தவர்கள் 13 கோடியே 35 லட்சம் பேர் என்று கணக்குச் சொன்னார்கள். அந்த ஆட்டத்தின்போது 30 விநாடி விளம்பரத்துக்கு 80 லட்சம் டாலர் வரை விலை போயிற்று.

"அப்படியானால் பாடுகிறவருக்குச் சன்மானம் எக்கச்சக்கமாக இருக்குமே!" என்றாள் அத்தை.

"சன்மானமே கிடையாது" என்றேன்.

அத்தை நம்பவில்லை. ஆனால் அதுதான் உண்மை. தொழிற்சங்க விதிப்படி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி உண்டு. அதற்கு மேல் காசு இல்லை. மேடை, விளக்கு, போக்குவரத்து முதலிய செலவுகளை லீகும், விளம்பரக் கம்பெனியும் ஏற்றுக்கொள்கின்றன. அதுவும் போதாது என்று 2021-ல் பாடிய தி வீக்கெண்ட் என்ற பாடகர் தம் கையிலிருந்து 70 லட்சம் டாலர் போட்டுக் காட்சியைச் சிறப்பாக்கினார். கணக்கு இதுதான்: அந்த 13 நிமிஷம் நன்றாக அமைந்துவிட்டால் மறுநாள் உலகமெல்லாம் அவர் பாட்டைத் தேடிக் கேட்கும், அடுத்த கச்சேரிப் பயணத்துக்கு டிக்கெட் பறக்கும்.

இந்தக் கணக்கு லீகுக்கும் தெரிந்துதானே இருக்கும்? 2014-ல் ஒரு செய்தி வெளிவந்தது. பாட வரக்கூடிய சிலரிடம், "நீங்கள் எங்களுக்கு என்ன கொடுப்பீர்கள்? கச்சேரிப் பயண வருமானத்தில் ஒரு பங்கு தருவீர்களா?" என்கிற ரீதியில் லீக் விசாரித்ததாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை எழுதியது. கேட்டி பெர்ரி என்ற பாடகி, தாம் காசு கொடுத்துப் பாடுகிறவள் அல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். 2015-ல் அவரே பாடினார், காசு கொடுக்காமல்தான்.

"கெட்டிக்காரி!" என்று அத்தை மெச்சிக்கொண்டாள்.

மேடை போடுகிற கதையும் அவளுக்கு வியப்பாக இருந்தது. முதல் பாதி ஆட்டம் முடிந்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் மேடையைத் துண்டு துண்டாகச் சக்கரத்தில் உருட்டிக்கொண்டு வந்து, ஏழெட்டு நிமிஷத்தில் பூட்டிவிட வேண்டும். புல் தரை நசுங்கக் கூடாது. அடுத்த பாதி ஆட்டம் அதே தரையில்தான். கச்சேரி முடிந்ததும் அதே வேகத்தில் கழற்றிக்கொண்டு ஓட வேண்டும். இந்த அவசரத்தில் வாத்தியங்களுக்கு ஒலிக் கம்பி இணைத்துப் பரிசோதிக்க நேரம் ஏது? 2014-ல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் கோஷ்டியார் வாசித்தபோது கிதார்களுக்குக் கம்பி இணைப்பே இல்லை என்பதைக் கூர்ந்து பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். வாத்திய இசை முன்பே பதிவு செய்தது என்று அந்தக் கோஷ்டியைச் சேர்ந்த ஃப்ளீ ஒப்புக்கொண்டு எழுதினார்.

"சரி, ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதைச் சொல்லு" என்றாள் அத்தை.

அதுதான் விஷயம்.

முதல் ஆட்டம் 1967 ஜனவரி 15-ல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் நடந்தது. அப்போது தேர்வு என்ற தலைவலியே இல்லை. கல்லூரி மாணவர்களின் பாண்டு வாத்தியக் கோஷ்டிகளும், அல் ஹர்ட் என்ற டிரம்பெட் வித்வானும் வாசித்தார்கள். பின்னர் 'அப் வித் பீப்பிள்' என்ற இளைஞர் கோஷ்டியை 1976-க்கும் 1986-க்கும் இடையில் நான்கு தடவை அழைத்தார்கள். எல்லோரும் சிரித்த முகம், சுத்தமான உடை, நல்ல கருத்துள்ள பாட்டு. ஒருவரும் குறை சொல்ல இடமில்லை. 1988-ல் 88 பெரிய பியானோக்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1989-ல் எல்விஸ் பிரெஸ்லி வேஷத்தில் ஒருவர் வந்து, மைதானம் முழுவதற்கும் சீட்டுக்கட்டு வித்தை காட்டினார்!

"ஒருவரும் குறை சொல்லாத கச்சேரியை ஒருவரும் கேட்கவும் மாட்டார்கள்" என்றாள் அத்தை. இருபது வருஷக் கமிட்டி அனுபவம் பேசுகிறது.

அப்படியேதான் ஆயிற்று. 1992-ல் மினியாபொலிஸ் நகரில் ஆட்டம். இடைவேளைக்குப் பனிக்காலத்தைக் கொண்டாடும் காட்சி. பனிச்சறுக்கு வீரர்களும், குளோரியா எஸ்டெஃபான் என்ற பாடகியும் பங்கு கொண்டார்கள். அதே நேரத்தில் போட்டி டெலிவிஷன் கம்பெனியான ஃபாக்ஸ் ஒரு ஹாஸ்ய நிகழ்ச்சியை நேரடியாக ஒளிபரப்பியது. 2 கோடிக்கு மேற்பட்டவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். விளம்பரக்காரர்கள் சும்மா இருப்பார்களா? லீகுக்கு அன்று தூக்கம் போயிற்று.

மறு வருஷமே, உலகில் அப்போது மிகப் பெரிய பெயர் எதுவோ அதைப் போய்ப் பிடித்தார்கள். 1993 ஜனவரி 31. பாஸடீனா நகரத்து ரோஸ் பௌல் மைதானம். மைக்கேல் ஜாக்ஸன் மேடைக்கு வந்தார். வந்தவர் பாடவில்லை, ஆடவில்லை. ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம் சிலை மாதிரி நின்றார். விநாடிக்கு இத்தனை டாலர் என்று விற்கிற இடத்தில் ஒருவர் சும்மா நிற்கிறார். கூட்டம் தொண்டை கிழியக் கத்துகிறது! சன்மானத்துக்குப் பதிலாக அவருடைய குழந்தைகள் நல நிறுவனத்துக்கு ஒரு லட்சம் டாலர் நன்கொடை அளித்தார்கள். இடைவேளையில் குறைய வேண்டிய கூட்டம் அன்று கூடிற்று. அன்றிலிருந்துதான் இடைவேளைக் கச்சேரி, ஆட்டத்துக்குச் சமமான ஒரு விசேஷமாக மாறியது.

2002-ல் நியூ ஆர்லியன்ஸில் அயர்லாந்து தேசத்து யூ2 கோஷ்டியார் பாடினார்கள். நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பாட்டு நடக்கும்போதே மாண்டவர்களின் பெயர்கள் பெரிய திரையில் மேல் நோக்கி ஊர்ந்துகொண்டே இருந்தன. பந்தாட்டத்துக்கு வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆள் தேர்வு சரியாக அமைந்தால் 13 நிமிஷத்தில் ஒரு தேசத்துக்கே ஆறுதல் சொல்ல முடியும் என்பதற்கு இது சாட்சி.

அடுத்து வந்தது 2004. பிப்ரவரி முதல் தேதி, ஹூஸ்டன் நகரம். சிபிஎஸ் டெலிவிஷனில் ஒளிபரப்பு. காட்சியைத் தயாரித்தது எம்டிவி. பாடியவர்களில் முக்கியமானவர் மைக்கேலின் தங்கை ஜானெட் ஜாக்ஸன். கடைசிப் பாட்டுக்கு ஜஸ்டின் டிம்பர்லேக் என்ற இளம் பாடகர் வந்து சேர்ந்துகொண்டார். பாட்டு முடிகிற தறுவாயில் அவர் கை நீட்டி ஜானெட்டின் மேலங்கியில் ஒரு பகுதியை இழுத்தார். அது பெயர்ந்து வந்துவிட்டது. ஜானெட்டின் மார்பு ஒரு பக்கம் தெரிந்தது. எவ்வளவு நேரம் தெரியுமா? ஒரு விநாடியைப் பதினாறாகப் பங்கிட்டால் அதில் ஒன்பது பங்கு. இது நான் சொல்கிற கணக்கு அல்ல, கோர்ட்டுத் தீர்ப்பில் உள்ள கணக்கு.

அந்த அரை விநாடியால் தேசமே அல்லோலகல்லோலப்பட்டது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட புகார்கள். சிபிஎஸ் நிலையங்களுக்கு ஐந்தரை லட்சம் டாலர் அபராதம். வழக்கு வருஷக் கணக்கில் நடந்து, கடைசியில் அபராதம் செல்லாது என்றே தீர்ப்பாயிற்று. 2012-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்துவிட்டது. மேலங்கி மட்டும் கழன்று உள்ளாடை தெரிவதாகத்தான் ஏற்பாடு, தவறிப் போய்விட்டது என்று ஜானெட் விளக்கம் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். ஒரு வாரம் கழித்து கிராமி பரிசளிப்பு விழா நடந்தது. டிம்பர்லேக் போனார், மேடையில் வருத்தம் தெரிவித்தார், இரண்டு பரிசுகளையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஜானெட் போகவில்லை.

அத்தை செல்போனைக் கீழே வைத்துவிட்டாள்.

"இழுத்தவன் அவன். பேர் கெட்டது அவளுக்கா?"

"கேளுங்கள், அத்தை. இன்னும் இருக்கிறது."

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு லீகைப் பயம் பிடித்துக்கொண்டது. 2005-ல் பால் மெக்கார்ட்னி. 2006-ல் ரோலிங் ஸ்டோன்ஸ். பிறகு டாம் பெட்டி, புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், தி ஹூ. எல்லோரும் மகா வித்வான்கள், சந்தேகமே இல்லை. ஆனால் எல்லோரும் ஆண்கள், பெரும்பாலோர் தலை நரைத்தவர்கள். 2005-லிருந்து 2010 வரையில் ஒரு பெண்கூடத் தலைமைப் பாடகராக அழைக்கப்படவில்லை. நடந்த பிசகுக்கு மருந்து பெண்களை மேடையேற்றாமல் இருப்பது என்று யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. ஜாபிதாவைப் பார்த்தால் புரிகிறது, அவ்வளவுதான்.

அந்த வரிசையிலும் ஒரு ரத்தினம் உண்டு. 2007-ல் மயாமி நகரில் பிரின்ஸ் பாடிய அன்று கொட்டுகிற மழை. வழுக்குகிற மேடை, கையில் மின்சாரக் கிதார். தயாரிப்பாளர் கவலையோடு விசாரித்தாராம். "இன்னும் பலமாகப் பெய்யச் செய்ய முடியுமா?" என்று பிரின்ஸ் திருப்பிக் கேட்டாராம். மழையையே பக்கவாத்தியமாக்கிக்கொண்டு அவர் பாடியதை இன்றைக்கும் பேசுகிறார்கள்.

2012-ல் மடோனா தலைமையில் கச்சேரி. அதில் கூடப் பாட வந்தவர்களில் ஒருவர் எம்.ஐ.ஏ. என்று பெயர் பெற்றவர். "இவர் இயற்பெயர் மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்தவர்" என்று நான் சொன்னதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நம் தமிழ்ப் பெண்ணா! நன்றாகப் பாடினாளா?"

"பாடினார். நடுவில் காமிராவைப் பார்த்து விரலால் ஒரு சைகையும் காட்டிவிட்டார். நல்ல சைகை அல்ல."

லீக் அவர் மேல் வழக்குத் தொடுத்தது. கேட்ட நஷ்ட ஈடு, ஒரு கோடியே 66 லட்சம் டாலர்! ஒரு காசு சன்மானம் வாங்காமல் பாடியவரிடம்! 2014-ல் இரு தரப்பும் சமாதானம் செய்துகொண்டார்கள். என்ன நிபந்தனை என்பதை வெளியிடவில்லை.

சைகை சரியா தவறா என்று அத்தை அபிப்பிராயம் சொல்லவில்லை. "பாட்டுக்குக் கூலி இல்லை, பிசகுக்கு மட்டும் கோடிக் கணக்கில் விலை போட்டு வைத்திருக்கிறார்கள்" என்றாள்.

சில வருஷம் கழித்துக் காற்று திசை மாறியது. 2016-ல் காலின் கேப்பர்னிக் என்ற கறுப்பு இன ஆட்டக்காரர், போலீஸார் கறுப்பர்களை நடத்தும் விதத்தைக் கண்டித்து, தேசிய கீதத்தின்போது முழங்காலிட்டார். 2017-க்குப் பிறகு எந்தக் குழுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதுவரை பாட யாரைக் கூப்பிடலாம் என்று லீக் யோசித்தது. இப்போது லீகின் அழைப்பை ஏற்கலாமா என்று பாடகர்கள் யோசித்தார்கள். ரிஹானா என்ற புகழ் பெற்ற பாடகி, கேப்பர்னிக்கின் பொருட்டு அழைப்பை மறுத்துவிட்டதாக 2019-ல் சொன்னார். அந்த வருஷம் ஆகஸ்டில் லீக், ஜே-ஸீ என்ற பாடகரின் ராக் நேஷன் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. கச்சேரிக்கு யாரை அழைப்பது என்பதில் இப்போது அந்தக் கம்பெனிக்குப் பெரும் பங்கு.

2020-ல் ஷகீரா, ஜெனிஃபர் லோபஸ் என்ற இரண்டு பாடகிகளை அழைத்தார்கள். ஒருவருக்குரிய நேரத்தை இருவருக்குப் பங்கிட்டது லோபஸுக்குப் பிடிக்கவில்லை. பிற்பாடு ஒரு படத்தில் இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். கூண்டு போன்ற விளக்கு வளையங்களுக்குள் சிறுமிகளை உட்கார வைத்துப் பாடச் செய்ததும் லோபஸின் யோசனைதான். எல்லையில் குடியேறிகளின் குழந்தைகளை அடைத்து வைத்ததை அது எல்லோருக்கும் நினைவூட்டியது. அதை எடுத்துவிடும்படி கடைசி நேரத்தில் லீக் தரப்பில் சொன்னார்கள். லோபஸ் முடியாது என்று சொல்லிவிட்டார். கூண்டுகள் மேடைக்கு வந்தன.

மறுத்த ரிஹானா 2023-ல் வந்தார். அந்தரத்தில் தொங்கிய பலகையில், சிவப்பு உடையில் நின்று பாடினார். இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. முன்பு ஓர் உடை கிழிந்ததற்காக நடுங்கிய அதே அமைப்பின் மேடையில், ஒரு கர்ப்பிணி தனியாக நின்று அத்தனை கோடிக் கண்களையும் கட்டிப் போட்டார்.

2026-ஆம் வருஷக் கச்சேரிக்குப் போர்ட்டோ ரிக்கோ தீவைச் சேர்ந்த பேட் பன்னியை அழைத்ததாக 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். உடனே கூச்சல் கிளம்பியது. அவர் பாடுவது ஸ்பானிஷ் மொழியில். அமெரிக்க ஆட்டத்துக்கு ஆங்கிலத்தில் பாடுகிறவர் கிடைக்கவில்லையா என்று கேட்டார்கள். போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் பிறப்பால் அமெரிக்கப் பிரஜைகள் என்பது பலருக்கு நினைவில்லை. லீக் பின்வாங்கவில்லை.

இவ்வளவையும் கேட்ட பிறகு அத்தை சொன்னாள்: "எங்கே போனாலும் கமிட்டி கமிட்டிதான். பாட்டு நன்றாக இருக்குமா என்று முதலில் யோசிக்க மாட்டார்கள். யார் புகார் எழுதுவார்கள் என்றுதான் யோசிப்பார்கள்."

என் அபிப்பிராயமும் அதுதான். இந்த அறுபது வருஷ ஜாபிதாவை வைத்துக்கொண்டு பார்த்தால், பயந்து தேர்ந்தெடுத்த கச்சேரிகளில் பெரும்பாலானவற்றை ஊர் மறந்துவிட்டது. நினைவில் நிற்பவையெல்லாம் யாரோ ஒருவர் துணிந்து செய்தவை. சும்மா நின்றவர், மழையில் பாடியவர், கூண்டை எடுக்க மறுத்தவர், வயிற்றில் குழந்தையோடு வந்தவர்.

"அது இருக்கட்டும். அந்த ஜானெட்டை மறுபடி கூப்பிட்டார்களா?" என்று அத்தை கேட்டாள். நடுவில் எத்தனை பேர் வந்து போனாலும் அவள் மனம் அந்தப் பெண்ணை விட்டு நகரவில்லை.

"2018-ல் டிம்பர்லேக்கைக் கூப்பிட்டார்கள். அந்த வருஷத்துக் கச்சேரிக்கு அவர்தான் தலைமைப் பாடகர். ஜானெட்டைக் கூப்பிடவில்லை. 2021-ல் டிம்பர்லேக் அவர் பெயரைச் சொல்லிப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்."

"பதினேழு வருஷம் கழித்து" என்றாள் அத்தை. கணக்கில் அவள் புலி.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "எங்கள் கமிட்டியிலும் இப்படி ஒன்று நடந்தது. மேடையில் மிருதங்கக்காரருக்கும் பாடிய பெண்ணுக்கும் தகராறு. இரண்டு பேர் பேரிலும் பிசகு இருந்தது. அடுத்த வருஷம் அவரைக் கூப்பிட்டோம். அவளைக் கூப்பிடவில்லை. தீர்மானத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்."

"அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறார்?"

"கும்பகோணத்தில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாளாம். கமிட்டியில் நான் இப்போது இல்லாவிட்டால் என்ன? இருக்கிறவர்களுக்குக் கடிதம் எழுதலாம் அல்லவா? அந்தப் பேனாவை எடு."

எடுத்துக் கொடுத்தேன்.